வயர்லெஸ் ஏன் வரவில்லை? லினக்ஸ் டிரைவர்களின் வரலாறு

2004 அக்டோபரில் உபுண்டு லினக்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. கேட்டவர்களுக்கு இலவசமாகவே தபாலில் சிடி அனுப்பினார்கள். அதுவரை லினக்ஸ் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்த பலர் அந்த சிடியைப் போட்டு நிறுவிப் பார்த்தார்கள். திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது, பாட்டுகூடக் கேட்டது. ஆனால் மடிக்கணினியில் வயர்லெஸ் மட்டும் வரவில்லை!

சரி, இணையத்தில் தேடி டிரைவரை இறக்கிக்கொள்ளலாம் என்றால்... இணையத்துக்குப் போகவே அந்த டிரைவர்தான் வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் விண்டோஸுக்குத் திரும்பிப் போனார்கள். "லினக்ஸ் இன்னும் தேறவில்லை" என்பது அவர்களின் தீர்ப்பு. புதிதாக வருபவர் வேறென்ன நினைப்பார்? அதே கணினி, அதே வயர்லெஸ் கார்டு, விண்டோஸில் ஒழுங்காக ஓடியதே! ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் தகராறு வேறு இடத்தில் இருந்தது தெரியும். அந்தக் கார்டில் உள்ள சிப்புடன் எப்படிப் பேசுவது என்று எழுதிவைத்த ஆவணம் யார் கையில் இருக்கிறது? டிரைவர்களின் வரலாறு முழுக்க இந்த ஒரே கேள்விதான்.

டிரைவர் என்றால் என்ன?

ஒரு வயர்லெஸ் சிப்போ, சவுண்ட் கார்டோ, பிரிண்டரோ, எதுவாக இருந்தாலும் அதற்குள் ரெஜிஸ்டர்கள் என்ற சின்னச் சின்ன நினைவிடங்கள் இருக்கும். இந்த ரெஜிஸ்டரில் இந்த எண்ணை எழுதினால் ரேடியோ இயங்கத் தொடங்கும், அந்த ரெஜிஸ்டரைப் படித்தால் தகவல் வந்திருக்கிறதா என்று தெரியும், இப்படி. இயங்குதளத்துக்கும் சிப்புக்கும் நடுவில் நின்று இந்த எண்களை எழுதுவதும் படிப்பதும்தான் டிரைவரின் வேலை.

எந்த ரெஜிஸ்டருக்கு என்ன அர்த்தம் என்பது சிப்பைச் செய்த நிறுவனத்துக்குத் தெரியும். அதை ஒரு ஆவணமாக எழுதி வைத்திருப்பார்கள். விண்டோஸ் டிரைவரை எழுதுவது பெரும்பாலும் அந்த நிறுவனமேதான். கார்டு வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சிடி வருமே, அது அதுதான். ஆக, "விண்டோஸில் எல்லாம் வேலை செய்கிறது" என்பதற்கு முக்கியக் காரணம் மைக்ரோசாஃப்ட் அல்ல. ஒவ்வொரு வன்பொருள் நிறுவனமும் விண்டோஸுக்காகத் தன் செலவில் செய்யும் வேலை. லினக்ஸுக்கு அந்த வேலையை அவர்கள் செய்யவில்லை. தன்னார்வலர்கள் செய்யத் தயாராக இருந்தார்கள். ஆனால் ஆவணம் கொடுத்தால்தானே?

எல்லாம் ஒரு பிரிண்டரில் தொடங்கியது

இந்தச் சண்டை லினக்ஸை விட வயதில் மூத்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. பிரிண்டர் வேறொரு தளத்தில் இருந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரிலும் இதே தொல்லைதான். ஆனால் அதன் மென்பொருளின் மூல நிரல் கையில் இருந்ததால், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை மாற்றி வைத்திருந்தார். புதிய பிரிண்டருக்கு மூல நிரலே வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

தன்னைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளிய நிகழ்ச்சிகளில் ஒன்றாக ஸ்டால்மன் இதைப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். 1983 செப்டம்பரில் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு பிரிண்டரை இயக்கும் மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இவ்வளவு பெரிய பின்விளைவு!

1991: கையில் இருப்பதற்கு மட்டும்

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி முதல் அறிவிப்பை எழுதினார். தன்னிடம் இருக்கும் ஏ.டி. ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறு எதையும் இது எப்போதும் தாங்காது என்று அதிலேயே சொல்லிவிட்டார். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. தன்னிடம் இல்லாத கருவிக்கு டிரைவர் எழுதிச் சோதிக்க முடியாது, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது அதே விதியின் நல்ல பக்கம். யாரிடம் என்ன கருவி இருந்ததோ அவர் அதற்கு டிரைவர் எழுதினார். நெட்வொர்க் கார்டுகளுக்கு மட்டும் டொனால்ட் பெக்கர் என்பவர் வரிசையாக எழுதித் தள்ளினார். நாசா நிறுவனத்தின் காடர்ட் மையத்தில் சாதாரணக் கணினிகளை இணைத்து 1994ல் உருவான பேயோவுல்ஃப் கொத்துக் கணினிக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் இது சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. கருவிகள் பொதுவான முறைகளில் இயங்கின. சீரியல் போர்ட்டில் செருகும் மோடம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஹேய்ஸ் மோடம் அறிமுகப்படுத்திய அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். அதனால் மோடத்துக்கென்று தனி டிரைவரே தேவைப்படவில்லை. சீரியல் போர்ட்டுக்கு ஒன்று இருந்தால் போதும்.

வின்மோடம் என்ற தலைவலி

1990களின் இரண்டாம் பாதியில் நிலைமை மாறியது. மோடத்தின் உள்ளே ஒரு தனிச் செயலி இருக்கும். தொலைபேசி ஒலியைத் தகவலாக மாற்றும் கணக்குகளை அது போடும். பெண்டியம் செயலிகள் வேகமாகிவிட்டதால் அந்தக் கணக்கைக் கணினியே போடட்டும் என்று நிறுவனங்கள் நினைத்தன. மோடத்திலிருந்து செயலியை எடுத்துவிட்டார்கள். விலை நன்றாகக் குறைந்தது. மிச்சம் இருந்தது கிட்டத்தட்ட ஒரு சவுண்ட் கார்டு மாதிரி ஒன்று. மோடத்தின் மூளை முழுவதும் விண்டோஸ் டிரைவருக்குள் போய்விட்டது. அதனால்தான் வின்மோடம் என்ற பெயர்.

லினக்ஸில் அதைச் செருகினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! ஆவணம் இல்லை என்பது மட்டுமல்ல, மோடமே மென்பொருளாக இருந்தது. அந்த மென்பொருள் மூடிய நிரல். வீட்டில் இணைய இணைப்பு என்றாலே டயல்-அப் என்றிருந்த நாட்களில் புதியவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றுதான்: காசு போனால் போகிறது, சீரியல் போர்ட்டில் செருகும் பழைய வகை மோடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்கள் லினக்ஸுக்கும் மூடிய டிரைவர்களைக் கொடுத்தன. அதில் ஒரு வேடிக்கையான கதை உண்டு. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு டிரைவரிடமும் "உன் உரிமம் என்ன?" என்று கேட்கும். ஜி.பி.எல். போன்ற திறந்த உரிமம் இல்லையென்றால் கெர்னல் "கறைபட்டது" என்று குறித்துக்கொள்ளும். பிறகு கணினி செயலிழந்தால் நிரலாளர்கள் அந்தப் புகாரை ஆராயமாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத நிரலை அவர்களால் எப்படி ஆராய முடியும்? கோனெக்ஸன்ட் சிப் மோடங்களுக்கு டிரைவர் கொடுத்துவந்த லினக்ஸன்ட் நிறுவனம் உரிமம் என்ற இடத்தில் "ஜி.பி.எல்." என்று எழுதி, அதற்கு அடுத்து ஒரு பூஜ்ய பைட் வைத்து, அதற்குப் பிறகு மிச்ச வாசகத்தை எழுதியிருந்தது. சி மொழியில் பூஜ்ய பைட் வந்தால் வாசகம் அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். ஆகவே கெர்னல் "ஜி.பி.எல்." என்பதை மட்டும் படித்துத் திருப்தியடைந்தது! 2004 ஏப்ரலில் இது வெளியே வந்து பெரிய வாக்குவாதம் ஆனது. பயனர்களைக் குழப்பும் எச்சரிக்கைகள் திரும்பத் திரும்ப வராமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது நிறுவனம்.

வயர்லெஸ் காலம்

மோடம் பிரச்சினை தீர்ந்ததற்குக் காரணம் யாரும் அதைத் தீர்த்ததல்ல. பிராட்பேண்ட் வந்ததும் மோடமே வழக்கொழிந்துபோனதுதான். ஆனால் அதே பிரச்சினை மடிக்கணினிக்குள் புதிய உருவத்தில் வந்து உட்கார்ந்தது. டெல், ஹெச்.பி. மடிக்கணினிகளிலும் ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் கார்டுகளிலும் பிராட்காம் நிறுவனத்தின் வயர்லெஸ் சிப்கள் பரவலாக இருந்தன. அந்த நிறுவனம் ஆவணமும் தரவில்லை, மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் டிரைவரும் தரவில்லை. ரேடியோவின் அலைவரிசையையும் சக்தியையும் மென்பொருளே தீர்மானிப்பதால், நிரலைத் திறந்துவிட்டால் அரசு விதிகளை யாராவது மீறிவிடுவார்கள் என்பது அந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்பட்ட காரணம்.

2003ல் ஒரு குறுக்கு வழி பிறந்தது. என்டிஸ்ராப்பர் என்று பெயர். லினக்ஸ் கெர்னலுக்குள் விண்டோஸ் கெர்னலின் ஒரு சிறு பகுதியைப் போல நடித்து, விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட டிரைவரையே உள்ளே ஏற்றி ஓட்டுவது! மூளைக்கார வேலைதான். சிடியில் இருக்கும் டிரைவர் கோப்புகளை எடுத்து, இரண்டு மூன்று கட்டளைகள் தட்டினால் பலருக்கு வயர்லெஸ் வந்துவிடும்.

ஆனால் நடிப்பு எத்தனை நேரம் தாங்கும்? விண்டோஸ் தன் டிரைவர்களுக்கு 12 கிலோபைட் ஸ்டாக் கொடுக்கும். லினக்ஸில் 8, சில பதிப்புகளில் 4 மட்டுமே. இடம் போதாமல் கணினி உறைந்துபோகும். 64 பிட் லினக்ஸ் என்றால் 64 பிட் விண்டோஸ் டிரைவரே வேண்டும். அது பல கார்டுகளுக்குக் கிடையாது. பவர்பிசி செயலியில் ஓடிய அந்தக் கால ஆப்பிள் கணினிகளில் இன்டெல் செயலிக்கான விண்டோஸ் டிரைவர் ஓடவே ஓடாது. அவர்களுக்குக் குறுக்கு வழியும் அடைபட்டிருந்தது.

ரவுட்டருக்குள் கிடைத்த சாவி

இங்கேதான் கதையின் சுவையான திருப்பம். பிராட்காமிடம் லினக்ஸ் டிரைவர் இல்லாமல் இல்லை!

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 கடைசியில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீல நிற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003ல் சிலர் கண்டுபிடித்தார்கள். ஜி.பி.எல். விதிப்படி மூல நிரலைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அழுத்தம் கூடியதும் அந்த ஆண்டே நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் பிராட்காம் வயர்லெஸ் டிரைவர் மட்டும் மூல நிரலாக வரவில்லை. இயந்திர மொழிக் கோப்பாக, அதுவும் ரவுட்டரில் இருந்த மிப்ஸ் செயலிக்கானதாக இருந்தது.

அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த முறை கவனிக்கத்தக்கது. இரண்டு குழுக்களாகப் பிரிந்துகொண்டார்கள். முதல் குழு இயந்திர மொழியை வரி வரியாகப் படித்து, எந்த ரெஜிஸ்டருக்கு என்ன வேலை என்று சாதாரண ஆங்கிலத்தில் விளக்கம் எழுதும். இரண்டாவது குழு அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிதாக டிரைவர் எழுதும். பிராட்காமின் நிரலைப் பார்க்கவே பார்க்காது. அதனால் "எங்கள் நிரலைத் திருடிவிட்டார்கள்" என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஒரு வகையில் பார்த்தால், நிறுவனம் கொடுக்க மறுத்த ஆவணத்தை முதல் குழு தானே எழுதிக்கொண்டது.

2005 டிசம்பரில் பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் டிரைவர் அறிவிக்கப்பட்டது. 2006 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.17 கெர்னலில் அது சேர்ந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24ல் பி43 என்ற புதிய உருவம் எடுத்தது.

புதியவரின் தலைவலி இத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை! சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலும் வேண்டும். அதை வினியோகிக்கப் பிராட்காமின் அனுமதி இல்லை. ஆகவே நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்கும் ஒரு கருவியை எழுதினார்கள். பயனர் டிரைவர் கோப்பை இணையத்தில் இறக்கி, வெட்டி, சரியான இடத்தில் வைக்க வேண்டும். இணையம் எங்கே இருக்கிறது? மறுபடியும் பூட்டிய பெட்டிக்குள் சாவி! நெட்வொர்க் வயரைச் செருகியோ, நண்பரின் கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தோ சமாளித்தார்கள்.

ஏன் ஒவ்வொரு அப்டேட்டிலும் உடைகிறது?

புதியவர்களின் இரண்டாவது புகார் இது. கஷ்டப்பட்டு டிரைவர் போட்டு ஓடவைத்தால், கெர்னல் அப்டேட் ஆனதும் திரும்பவும் பூஜ்யம்.

விண்டோஸில் டிரைவருக்கும் கெர்னலுக்கும் இடையிலான இணைப்புமுறையை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பார்கள். லினக்ஸ் அந்த வாக்குறுதியை வேண்டுமென்றே கொடுப்பதில்லை. உள் அமைப்பில் நல்ல மாற்றம் தேவைப்பட்டால் செய்துவிடுவார்கள். மாற்றுகிறவரே, கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அதற்கேற்பத் திருத்திவிட வேண்டும் என்பது வழக்கம். கெர்னலுக்கு வெளியே இருக்கும் மூடிய டிரைவரை அப்படித் திருத்த யாராலும் முடியாது. இந்தக் கொள்கையை விளக்கி கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஒரு கட்டுரை கெர்னலின் மூல நிரலோடு சேர்ந்தே வருகிறது.

அதே கிரெக் 2007 ஜனவரியில் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஆவணத்தையோ, ஒரு பொறியாளரின் தொடர்பையோ கொடுத்தால் போதும். டிரைவரை இலவசமாக எழுதி, கெர்னலில் சேர்த்து, பராமரித்தும் தருகிறோம். ரகசிய ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது என்றார். 2008 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்ட கெர்னல் நிரலாளர்கள், மூடிய டிரைவர்கள் பயனர்களுக்குத் தீங்கானவை என்று பகிரங்கமாகக் கையெழுத்திட்டார்கள்.

கதவுகள் திறந்த வரிசை

மெல்ல மெல்ல நிறுவனங்கள் இறங்கிவந்தன. 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. தன் கிராபிக்ஸ் சிப்களின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஏதெராஸ் 2008ல் தன் புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அதற்கு முன்பே ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்கள் அதன் பழைய சிப்களை ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து வழி திறந்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் பிராட்காமே திறந்த டிரைவரை வெளியிட்டது. புதிய சிப்கள் சிலவற்றுக்கு மட்டும்தான் என்றாலும், ஆச்சரியப்படாதவர்கள் குறைவு.

என்விடியா கடைசி வரை பிடிவாதம் பிடித்தது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் அந்த நிறுவனத்தை நோக்கி நடுவிரலைக் காட்டியது உலகம் அறிந்த செய்தி. அதற்குப் பத்து வருடங்கள் கழித்து, 2022 மே மாதத்தில், என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த நிரலாக வெளியிட்டது.

மறுபக்கமும் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. கட்டற்ற மென்பொருளில் கறாரான டெபியன், மூடிய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் சிடியில் சேர்க்காமல் பல ஆண்டுகள் இருந்தது. 2022ல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12லிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

இரண்டு டிரைவர்கள், இரண்டு முடிவுகள்

இவ்வளவு சண்டை தேவைதானா, வேலை செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு பிராட்காம் கதையிலேயே விடை இருக்கிறது.

2008 வாக்கில் அந்த நிறுவனம் மடிக்கணினிகளுக்காக "டபிள்யூ.எல்." என்ற பாதி மூடிய லினக்ஸ் டிரைவரைக் கொடுத்தது. பல சிப்களுக்கு பி43ஐ விட அது நன்றாகவே ஓடியது. ஆனால் 2015க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் அது உடைகிறது. திறந்திருக்கும் மேல் பகுதியை மட்டும் தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் மூடிய பகுதியில் பிழை இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 2013 முதல் 2015 வரை வந்த பல மேக்புக்குகளில் இருக்கும் பிராட்காம் சிப்புக்கு அந்த டிரைவர்தான் கதி. அதில் லினக்ஸ் போடும் புதியவர், 2004ல் உபுண்டு சிடி போட்டவரைப் போலவே வயர்லெஸ் இல்லாத திரையைப் பார்த்து விழிக்கிறார். ஒரே வித்தியாசம், இப்போது கைபேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து இணையம் பெற்று டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் உதவியே இல்லாமல், ஒரு ரவுட்டரின் இயந்திர மொழியைப் படித்து எழுதிய பி43 டிரைவரோ கெர்னலுக்குள்ளேயே இருந்து, ஒவ்வொரு மாற்றத்தோடும் சேர்ந்து திருத்தப்பட்டு வந்திருக்கிறது. அதற்கும் ரியல்டெக் வயர்லெஸ் டிரைவர்களுக்கும் பல ஆண்டுகள் உழைத்த லாரி ஃபிங்கர் 2024 ஜூனில் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாத ஏராளமானவர்களின் மடிக்கணினிகளில் அவர் எழுதிய வரிகள் ஓடுகின்றன. அவருக்குப் பிறகும் அந்த வரிகளை எடுத்துப் படிக்கவும் திருத்தவும் யாராலும் முடியும்.

காசு கொடுத்து வாங்கிய கருவி எத்தனை காலம் உழைக்கும் என்பதை, அதை இயக்கும் நிரல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முடிவு செய்கிறார். லினக்ஸுக்கு மாறி வயர்லெஸ் வராமல் தவிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் சிப்பின் பெயரை. அந்தச் சிப்பின் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். அடுத்த முறை மடிக்கணினி வாங்கும்போதும் அதையே முதலில் பார்ப்பது நல்லது.